நான்காவது ஊசி

என் வேலை என்ன என்று என் வீட்டிலேயே இன்னும் யாருக்கும் சரியாகப் புரியவில்லை. கணையத்தில் கட்டி இருக்குமோ என்று சந்தேகம் வந்தவர்களுக்கு வாய் வழியாக ஒரு குழாயை விடுவார்கள். அதன் நுனியில் ஸ்கேன் இருக்கும். அது இரைப்பையைத் தாண்டிக் குடலின் தொடக்கத்தில் நின்றுகொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கணையத்தைத் திரையில் காட்டும். கட்டி தெரிந்ததும் டாக்டர் அந்தக் குழாய்க்குள்ளேயே ஒரு மெல்லிய ஊசியை அனுப்பி, குடல் சுவரைத் துளைத்து, கட்டியிலிருந்து நூல் போல ஒரு துணுக்கை எடுப்பார். அந்தத் துணுக்கு என் கைக்கு வரும்.

அதைக் கண்ணாடித் தட்டில் தள்ளி, எது வெறும் ரத்தம், எது சதை என்று முதலில் வெறுங்கண்ணால் பார்ப்பேன். பிறகு ஒரு நுனியை ஸ்லைடில் தேய்த்து, நீலச் சாயம் போட்டு, அறை மூலையில் இருக்கும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வேன். போதும், அல்லது பத்தாது. என்ன நோய் என்று சொல்வது மாடியில் இருக்கும் பெதாலஜி டாக்டரின் வேலை. அவர் பார்க்க லாயக்கான சரக்கு வந்திருக்கிறதா என்று சொல்வது மட்டும்தான் என் வேலை.

"இந்த ஒரு வார்த்தைக்கா சம்பளம் தர்றாங்க?" என்று என் மகள் கேட்டாள். ஆமாம், அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

பாலக்காட்டிலிருந்து வாளையார் போகும் நெடுஞ்சாலையில், லாரிச் சத்தம் ஓயாத இடத்தில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. அங்கே எனக்குப் 'பத்தாது சேச்சி' என்று ஒரு பெயர் உண்டு. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் கேட்கிற தூரத்தில் நின்று சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

அந்தப் பெயருக்கு ஒரு காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் வெள்ளையாக, நீளமாக ஒன்று வந்தது. அப்போது இருந்த டாக்டருக்கு வேறு எங்கோ போக வேண்டிய அவசரம். போதும்தானே என்று அவரே கேட்டு, அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். நான் மைக்ராஸ்கோப்பில் அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். மூன்று நாள் கழித்து மாடியிலிருந்து வந்த அறிக்கையில், வெறும் சளியும் ரத்தமும்தான், மாதிரி போதவில்லை என்று எழுதியிருந்தது. அந்த நோயாளி நெடுங்கண்டம் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். திரும்ப வரச் சொல்லிப் பலமுறை போன் செய்தோம். வரவில்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதிலிருந்து நான் யாருக்காகவும் தலையாட்டுவதில்லை.

இப்போது இருக்கும் டாக்டர் வேலந்தாவளம் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். கோபத்தைக்கூட 'ங்க' போட்டுத்தான் காட்டுவார். "ஏனுங்க, இதும் பத்தாதுங்களா? அப்ப நான் கணையத்தை முழுசா வெளிய எடுத்து உங்க கையில குடுத்தர்றனுங்க" என்பார். நானும் சும்மா இருக்க மாட்டேன். "குடுங்க டாக்டர், ஒரு ஓரமா தேய்ச்சுப் பாக்குறேன்" என்பேன். இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே பத்து வருஷம் ஓடிவிட்டது.

போன வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காலை, எங்கள் அறைக்கு வெளியே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பாலக்காட்டுப் புழுக்கத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் இருந்தார் கணவர். மலையிலிருந்து வந்தவர்கள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. மனைவிக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். கண்ணெல்லாம் மஞ்சள். காமாலை அரிப்பில் கையைச் சொறிந்து சொறிந்து முழங்கை வரைக்கும் புண்ணாக்கி வைத்திருந்தார்.

நர்ஸ் வந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவாள். "ஒண்ணும் கழிச்சில்லல்லோ? சாப்பாடு ஏதும்?"

"இல்ல சிஸ்டர். வெறும் வயிறு."

"வெள்ளம் குடிச்சோ?"

"பச்சத் தண்ணி பல்லுல படல."

நர்ஸ் டிக் அடித்துக்கொண்டு போகப் பார்த்தாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. நான் பிறந்து வளர்ந்தது சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட்டில். அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. எங்கள் ஆட்கள் வெறும் வயிறு என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, கட்டன் குடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா. இப்பத்தான், கேட்டுக்கு வெளிய. அது எப்பயும் குடிக்கிறதுதான?"

பால் போடாத தேநீரை எஸ்டேட்டில் யாரும் சாப்பாட்டிலும் சேர்க்க மாட்டார்கள், தண்ணீரிலும் சேர்க்க மாட்டார்கள். எழுந்ததும் முகம் கழுவுவது மாதிரி அது. மயக்க மருந்து டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். வயிற்றில் ஏதாவது இருக்கும்போது மயக்கினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். கடைசி கேஸாக எடுத்துக்கொள்ளலாம் என்று மத்தியானத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

அந்த அக்காவுக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது. எஸ்டேட்டில் எந்த டிவிஷன் என்று கேட்டார். சொன்னேன். அவர்கள் சூரியநெல்லி. முப்பது வருஷத்துக்கு மேலாகக் கொழுந்து எடுக்கிறாராம். கணவர் ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை பார்க்கிறார். மகளை வாளையாரில் ஒரு லாரி டிரைவருக்குக் கொடுத்திருப்பதால், அந்த வீட்டில் தங்கிக்கொண்டு இங்கே வந்திருக்கிறார்கள். அந்த நிமிஷத்திலிருந்து நான் 'தங்கச்சி' ஆகிவிட்டேன்.

கணவர் ஃபைலை என்னிடம் நீட்டினார். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று ஸ்கேனில் எழுதியிருந்தது. வேறு ஒரு ஆஸ்பத்திரியில் ஒருமுறை ஊசி போட்டு எடுத்திருக்கிறார்கள், மாதிரி போதவில்லை என்று வந்திருக்கிறது. அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். இந்த முறையும் ஒன்றும் தெரியாவிட்டால், சந்தேகத்தின் பேரிலேயே திறந்துவிடுவது என்று முடிவு.

அது லேசான ஆபரேஷன் இல்லை. கணையத்தின் தலை, குடலில் ஒரு பகுதி, பித்தப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துத் தைப்பது. புற்று என்றால் அதைச் செய்துதான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. புற்று இல்லை என்றால் அத்தனையும் வீணாக வெட்டியது. அதற்குப் பிறகு அந்த அக்கா மலைச்சரிவில் ஏறிக் கொழுந்து எடுப்பது நடக்காத காரியம். அன்று மத்தியானம் என் தட்டுக்கு வரப்போகிற துணுக்கை வைத்துத்தான் எல்லாம்.

பத்து மணி வாக்கில் எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. கணவர் மருமகனிடம் போனில் பேச வெளியே போயிருந்தார். அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உள்ளே உனக்கு என்ன வேலை என்று கேட்டார். மகளுக்குப் புரியவைக்க முடியாததை அவரிடம் இரண்டே வரியில் சொல்ல முடிந்தது.

"எடைக் கொட்டாயில நின்னுக்கிட்டு, கொட்டுன கொழுந்தைக் கிளறிப் பார்ப்பாங்கல்ல அக்கா. அந்த வேலை."

"அப்ப நீ எனக்கு ஆகாதவ" என்று சொல்லிச் சிரித்தார். அவர் அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு சொன்னார், "ஈரத்தைக் கழிச்சுட்டே சொல்லு தங்கச்சி. போன எடத்துல நல்லா வந்துருக்கு, நல்லா வந்துருக்குன்னாக. கடைசில ஒண்ணுமில்லைன்னுட்டாக."

மழையில் பறித்த கொழுந்து தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு கனக்கும். எடை போடும்போது ஈரத்துக்கு என்று ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் கணக்கில் எழுதுவார்கள். பறிக்கிறவர்களுக்கு அதில் ஆத்திரம் வரும், ஆனால் அதில் நியாயம் இருப்பதும் அவர்களுக்குத் தெரியும். "கழிச்சுட்டே சொல்றேன்க்கா" என்றேன்.

பேச்சு எங்கெங்கோ போய்க் கணவரிடம் வந்து நின்றது. தன்னை அறுத்துப் போட்டுவிட்டால் அவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அக்காவுக்குக் கவலை. அவருக்கு நெஞ்சு பலமில்லை, சளி பிடித்தால் விடாது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாக. என்ன மாத்திரைன்னு உனக்குத் தெரியாதா. ரிசார்ட்டுல தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிருவாக. அந்த ஆசுபத்திரிலயும் கேட்டாக, வீட்டுல யாருக்காச்சும் டிபி இருந்துச்சான்னு. இல்லைன்னுட்டோம். நீயும் காதுல விழாதமாதிரி இருந்துக்க."

"விழலக்கா" என்றேன்.

இதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எஸ்டேட் லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு சுவர்தான். இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கேட்கும். புருஷன் பெண்டாட்டி சண்டை, கடைசிப் பெண்ணுக்கு வந்த மாப்பிள்ளை, யாருக்கு என்ன சீக்கு, எல்லாம் எல்லாருக்கும் கேட்கும். கேட்டும் கேட்காத மாதிரி இருந்துகொள்வதுதான் அங்கே மரியாதை. அப்படி இல்லாவிட்டால் அவ்வளவு நெருக்கத்தில் ஒரு நாள்கூடக் காலம் தள்ள முடியாது. நானும் அப்படி வளர்ந்தவள்தான். பக்கத்து வீட்டுச் சித்தி இரவு முழுக்க இருமினால், காலையில் குழாயடியில் அவளிடம் மழையைப் பற்றிப் பேசுவோம்.

அந்தப் பழக்கம் எனக்குள் அப்படியே இருந்திருக்கிறது. படித்தேன், பட்டம் வாங்கினேன், எத்தனையோ ஆயிரம் ஸ்லைடு பார்த்தேன். ஆனாலும் அக்கா சொன்னது என் காதில் ஒரு நோயின் தகவலாக விழவில்லை, ஊர் ரகசியமாகத்தான் விழுந்தது. ரகசியத்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்து மூடிவிட்டு, எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒன்றரை மணிக்கு மேல் அக்காவை உள்ளே கொண்டுவந்தார்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். மயக்கம் ஏறுவதற்கு முன்னால் மார்பில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். டாக்டருக்கு அது அன்றைக்கு ஏழாவது கேஸ். இடுப்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். எக்ஸ்ரேக்குப் போடுகிற கனமான ஈயக் கவசம் தேவைப்படாத வேலைதான் என்றாலும் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும்.

முதல் ஊசியில் ரத்தம் மட்டும் வந்தது. தட்டில் பார்த்த உடனேயே தெரிந்தது. "பத்தாது டாக்டர்."

இரண்டாவது ஊசியில் வெள்ளையாக, ஒரு விரற்கடை நீளத்துக்கு முறியாமல் வந்தது. அறையில் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. நர்ஸ் கையுறையைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டாள். "இது தேறுமுங்க" என்றார் டாக்டர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். செல்கள் எல்லாம் தேன்கூடு கட்டின மாதிரி வரிசை பிசகாமல் இருந்தன, நடுநடுவே சளி நிரம்பிய செல்கள். அது குடலின் உள்தோல். ஊசி கணையத்துக்குப் போகிற வழியில் சுவரிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தது. போன ஆஸ்பத்திரியிலும் ஒருவேளை இதுதான் நடந்திருக்கும்.

"பத்தாது டாக்டர். குடல்தான் வந்திருக்கு."

"நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பார்த்தேன்."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு ஊசியை மாற்றினார். ஆக்சிஜன் கொஞ்சம் இறங்குகிறது, சீக்கிரம் முடியுங்கள் என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னார். ஒவ்வொரு தடவை குத்தும்போதும் ரத்தக்கசிவுக்கும் கணையம் வீங்குவதற்கும் வாய்ப்பு உண்டு. சும்மா இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே போக முடியாது.

மூன்றாவது ஊசியில் வந்ததைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. நூலாகவே இல்லை. பால் திரிந்தால் ஒதுங்குமே திப்பி, அந்த மாதிரி மஞ்சள் கலந்த வெள்ளையில் நாலைந்து துகள்கள். ஒன்றைத் தேய்த்துக்கொண்டு, மிச்சத்தை முன்னால் வந்தவற்றோடு, திசு கெடாமல் இருக்க வைக்கும் ஃபார்மலின் புட்டியில் போட்டேன். மைக்ராஸ்கோப்பில் உயிருள்ள செல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் செத்துக் கரைந்த குப்பை. பெரிய புற்றுக்கட்டியின் நடுவில் இப்படி இருப்பது உண்டு. அப்படித்தான் முதலில் நினைத்தேன்.

"என்னுங்க?"

"செத்த திசு டாக்டர். பத்தாது."

அவர் திரையைப் பார்த்தார், ஆக்சிஜன் அளவைப் பார்த்தார். "இதுக்கு மேல வேண்டாமுங்க. வந்தது வரைக்கும் மாடிக்கு அனுப்புங்க. ஆபரேஷன்ல பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குழாயை மெல்ல இழுக்க ஆரம்பித்தார். அது தவறான முடிவு என்று சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் ஸ்லைடை எடுக்கப் போனேன். அந்தத் திப்பி இன்னும் தட்டின் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இப்படி ஒன்றைக் கழுத்து நெறிகட்டிகளிலிருந்து எடுத்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காசநோய் இப்படித்தான் திசுவைத் திரியவைக்கும். கணையத்துக்கு அது வருவது அபூர்வம், அதனால் யாருக்கும் நினைப்பு ஓடாது. ஆனால் அந்த அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். என் காதில்தான் சொல்லியிருக்கிறார். ஆறு மாசம் மாத்திரை.

ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், அதை வளர்த்தும் பார்க்க முடியாது. எங்கள் இயந்திரத்தில் கிருமியைச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்றால் துணுக்கை வெறும் உப்புத் தண்ணீரில் போட வேண்டும். நான் மூன்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டேன். தட்டில் ஒட்டியிருந்த பிசுக்கு எதற்கும் காணாது.

"டாக்டர், நில்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது. "இன்னொரு ஊசி வேணும். சலைன்ல போடணும். டிபியா இருக்கலாம்."

"யாருங்க சொன்னது?"

அறையில் ஆறு பேர் இருந்தார்கள். அக்கா மயக்கத்தில் கிடந்தார். விழலக்கா என்று நான் சொல்லி நாலு மணி நேரம்கூட ஆகவில்லை.

"அவங்க வீட்டுக்காரர் டிபிக்கு மாத்திரை சாப்பிட்டவர். காலைல அந்த அக்கா என்கிட்ட சொன்னாங்க. வெளிய தெரியக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க, நானும் சரின்னுட்டு உங்ககிட்ட சொல்லல. முன்னமே சொல்லியிருந்தா முதல் ஊசியே சலைனுக்குப் போயிருக்கும். தப்பு என்னுது டாக்டர்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்ட வேண்டியதுதான் நியாயம். அவரோ மயக்க மருந்து டாக்டரிடம், "எத்தனை நிமிசம் குடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். ஐந்து என்று பதில் வந்தது. பாதி வெளியே வந்துவிட்ட குழாயை மறுபடி உள்ளே செலுத்தினார்.

அந்த ஐந்து நிமிஷம் நான் சலைன் புட்டியைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் பக்கத்தில் வந்து, அவளும் ஒரு கை கொடுத்துப் புட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவர் கட்டியின் ஓரத்தைத் தேடி ஊசியை இறக்கினார். வந்தது அதே திப்பிதான், ஆனால் இம்முறை ஓரத்தில் சதையும் சேர்ந்து வந்தது. பெரும்பங்கைச் சலைனில் விட்டுவிட்டு, துளியூண்டு மட்டும் தேய்த்துப் பார்த்தேன். செத்த குப்பைக்கு நடுவில், செருப்புத் தடம் போல நீளநீளமான செல்கள் கும்பலாக நின்றன. புற்று செல் அப்படி இருக்காது.

"போதும் டாக்டர்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றைக்கும் மறுநாளும் அவர் முகத்தில் முழிக்காமல் ஓடி ஒளிந்தேன். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசிச் சரிக்கட்டியிருப்பேன். திட்டாமல் விட்டது பெரிய உபத்திரவமாகிவிட்டது.

மறுநாள் மாலை இயந்திரம் சொல்லிவிட்டது. காசநோய்க் கிருமி. நாலு நாளில் மாடியிலிருந்தும் எழுத்தில் வந்தது, புற்று செல் எதுவும் இல்லை என்று. ஆபரேஷன் நாள் ரத்தானது. பித்தநாளத்தில் ஒரு சின்னக் குழாய் வைத்து மஞ்சளை வடித்துவிட்டு, மாத்திரை ஆரம்பிப்பதாக முடிவாயிற்று.

டாக்டர் அவர்களை உட்கார வைத்து, நான் அன்றைக்குச் சொன்னதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னபோது நானும் கதவோரம் நின்றேன். கணவர் ஸ்வெட்டர் நுனியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். "என்கிட்ட இருந்துதான் சார் வந்துருக்கு. நான் மறைச்சேன், மறைச்சு இவளைக் கொல்லப் பாத்துட்டேன்" என்று அழுதார்.

"யார்கிட்ட இருந்து வந்தா என்ன, மாத்திரை ஒண்ணுதான. அழுவாதீக" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "விழலன்னு சொன்னியே தங்கச்சி."

வாக்கை மீறியதற்கு மன்னிப்புக் கேட்பதா, மீறத் தாமதித்ததற்குக் கேட்பதா என்றே தெரியவில்லை.

"நல்லவேளை, விழுந்துச்சு" என்றார் அவரே.

கணவர் மருந்தை முழுசாக முடித்துவிட்டார், இனி அவரால் யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதை அவர் ரிசார்ட்டில் தானாகவே கொண்டுபோய்க் காட்டினாராம். வேலை போகவில்லை. லயத்தில் வீடுவீடாகச் சோதிக்க வந்த சுகாதாரத் துறைப் பெண்ணுக்கு, எந்த வீட்டில் இருமல் கேட்கிறது என்று கூடவே நடந்துபோய்க் காட்டியதும் அவர்தானாம். போனில் இதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் ஒரு பெருமை இருந்தது.

இந்த வருஷம் கோடையில் மருந்து முடிந்து, ஸ்கேனுக்கு வந்தார்கள். கட்டி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அக்காவைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை, கண் அவ்வளவு வெள்ளையாக இருந்தது. மறுபடி கொழுந்துக்குப் போகிறாராம். ஒரு பை நிறைய பேஷன் ஃப்ரூட் கொண்டுவந்திருந்தார். பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, மீதியை டாக்டரிடம் கொடுக்கச் சொன்னார்.

"நான் அவருக்கு நன்றி சொல்லிட்டேன். நீ சொன்னியா?"

சொல்லவில்லை. எட்டு மாதமாகச் சொல்லவில்லை. வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், பத்தும் பத்தாது என்று. அந்த நாளைப் பற்றி இருவரும் வாயைத் திறந்ததே இல்லை. அக்காவின் கேள்வி என்னைச் சுட்டது. அவர்களை பஸ் ஏற்றிவிட்டு நேராக டாக்டரின் அறைக்குப் போனேன்.

பையை மேசையில் வைத்தேன். அவர் ஒரு பழத்தை எடுத்து, ஸ்டீல் ஸ்பூனால் மேலே திறந்து, நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தார்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஆக்சிஜன் இறங்குது, குழாய் பாதி வெளிய வந்தாச்சு. நான் சொல்லி முடிச்சதும் நிச்சயமான்னுகூட நீங்க கேக்கல. உடனே திரும்ப உள்ள போனீங்க. ஏன்?"

அவர் ஸ்பூனை வாயிலிருந்து எடுத்தார். "உங்ககூடப் பத்து வருசமா வேலை பாக்கறனுங்க. ஸ்லைடு ஒடைஞ்சா ஸ்லைடு மட்டம்பீங்க. சாயம் புடிக்கலைன்னா சாயம் பழசும்பீங்க. ஊசி வளைஞ்சா நான் குத்துனது சரியில்லைம்பீங்க. ஒருக்காகூடத் தப்பு உங்களுதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்லைங்க. அன்னைக்கு அத்தனை பேர் முன்னால 'தப்பு என்னுது'ன்னீங்க. அதுக்கு மேல நான் என்னத்தைங்க கேக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதால் கோபப்படவும் வழியில்லை. சிரித்துவிட்டேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காதவர் போல இன்னொரு பழத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு, எட்டு மாதமாக என்னிடமே வைத்திருந்ததை அவருடைய பாஷையிலேயே சொன்னேன்.

"ரொம்ப நன்றிங்க டாக்டர்."